முன் சீட்டில் உட்கார்ந்த ஆள்

லிமோன் துறைமுகத்தில் சுற்றுலாக் கப்பல் வந்து நிற்கும் நாட்களில், கேட்டுக்கு வெளியே நான் இளநீர் விற்கிறேன். எனக்கு வலது பக்கம், பாதாம் மரத்தடியில், வெர்னெட்டா பிளாக்வுட் நிற்பாள். யாருக்கோ காத்திருப்பவள் மாதிரி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் கார் அங்கே இருக்காது. இரண்டு தெரு தள்ளி, தேவாலயத்தின் பின்சுவரை ஒட்டி நிற்கும்.

காரணம் சின்னது. லைசென்ஸ் உள்ள டாக்ஸி சிவப்பாக இருக்கும், கதவில் மஞ்சள் முக்கோணம் இருக்கும். வெர்னெட்டாவின் கார் சாம்பல் நிறம், அதில் எந்த முக்கோணமும் கிடையாது. இப்படிப்பட்ட டாக்ஸிக்கு எங்கள் ஊரில் கடற்கொள்ளைக்காரன் என்று பெயர். ஐம்பத்து நான்கு வயதில், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டி மார்பில் தொங்கவிட்ட கொள்ளைக்காரியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அவளுக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. முப்பது வருட சிநேகிதி நான், நான் வெட்டிக் கொடுக்கும் இளநீரையே காதருகில் வைத்து ஆட்டிப் பார்ப்பாள். போன் அடித்தால் எடுத்து, "வெர்னெட்டா வீட்ல இல்ல, நீங்க யாரு?" என்பாள். பாஸ்டர் பிரசங்கத்தில் வசனம் சொன்னால், வீட்டுக்கு வந்து பைபிளைத் திறந்து அப்படி ஒரு வசனம் இருக்கிறதா என்று பார்ப்பாள். இதற்கெல்லாம் அவளைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். ஆனால் அவள் புருஷன் கிளீவ்லண்ட், மூன்று வாரத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் பனாமாவுக்குப் போனவன், பதினோரு வருடமாக வரவில்லை. போகும்போது அவளுடைய முதல் காரையும் ஓட்டிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அவளைத் திட்ட எனக்கே வாய் கூசும்.

இந்தச் சாம்பல் கார் இரண்டாவது. பதினெட்டு வருடம் வாழைப்பழம் கழுவும் தொட்டியில் கை ஊறி, விரல்நுனித் தோல் உரிந்து, வேலையை விட்டபோது கிடைத்த மொத்தத்தையும் போட்டு வாங்கியது. ஏற்கெனவே ஒருமுறை பிடிபட்டுவிட்டாள். டிராஃபிக் போலீஸ் நம்பர் பிளேட்டைக் கழற்றி, காரை யார்டில் கொண்டுபோய் நிறுத்தியது. இரண்டரை மாதம் மழையில் நின்றது. மீட்டுக்கொண்டு வந்தபோது சீட்டில் காளான் முளைத்திருந்தது. இன்னொருமுறை பிடிபட்டால் மீட்க அவளிடம் ஒன்றும் இல்லை. காருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்து வரவேண்டியதுதான். இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அதனால் கொள்ளைக்கார டாக்ஸிகளின் வழக்கப்படிதான் அவளும் ஓட்டுவாள். சவாரி ஏறுபவர் முன் சீட்டில்தான் உட்காரவேண்டும். பின்னால் உட்கார்ந்தால் வாடகைக்குப் போகிறவர் என்று தூரத்திலேயே தெரிந்துவிடும். எங்கள் ஆட்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், கதவைத் திறந்து முன்னால் உட்கார்ந்து, ஏதோ அத்தை வீட்டுக்குப் போகிற மாதிரி பேச்சு கொடுப்பார்கள். கப்பலில் வருகிறவர்களுக்கு இது தெரியாது. நேராகப் பின் கதவுக்குப் போவார்கள். வெர்னெட்டா அவர்களை இழுத்து முன்னால் உட்காரவைத்து, கார் நகர்வதற்கு முன் பாடம் சொல்லிக்கொடுப்பாள்.

"போலீஸ் நிறுத்தினா நீங்க என் மகளுக்கு ஞானத்தகப்பன். மக பேரு ஷாரெல். ஞானஸ்நானத்துக்கு வந்தீங்க. சொல்லுங்க பாப்போம்."

அவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஷாரெலுக்கு இதுவரை நானூறு ஞானத்தகப்பன்மாராவது இருப்பார்கள். ஜெர்மன்காரர், கனடாக்காரர், ஒரு தடவை ஜப்பானியக் கிழவி ஒருத்தி ஞானத்தாய். ஷாரெலுக்கு இப்போது முப்பது வயது, சான் ஹோசேயில் பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள், இன்னும் ஞானஸ்நானம் முடிந்தபாடில்லை.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். அன்று காலை நான்தான் அவள் காதில் ஊதினேன். கறுப்புக் கண்ணாடி போட்ட இரண்டு பேர் துறைமுக வாசலில் எதையோ பார்த்துப் பார்த்துப் போனார்கள். எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

"அடியே, இன்னைக்கு ஜாக்கிரதை. மஃப்டியில போலீஸ் இறங்கியிருக்கு. சவாரி மாதிரி ஏறி, காசு கைமாறினதும் பிடிக்கப்போறானுங்க."

"யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? எனக்குக் கண்ணு இல்லியா?"

அவள் கைப்பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். என் பேச்சை அவள் நம்பிய சில நாட்களில் அதுவும் ஒன்று.

எட்டரை மணிக்கு அந்த ஆள் வந்தார். எழுபதைத் தாண்டிய உயரமான வெள்ளைக்காரர், பச்சைத் தொப்பி, கையில் தடி. கப்பல் கம்பெனி ஏற்பாடு செய்த பெரிய பஸ்களை ஒதுக்கிவிட்டு, சிவப்பு டாக்ஸிகளையும் தாண்டி, நேராக வெர்னெட்டாவிடம் போய் நின்றார்.

"மலைமேல காட்டுக்குள்ள ஒரு தொங்குபாலம் இருக்காமே, பள்ளத்தாக்குக்கு மேல? அங்க போகணும்."

ஸ்பானிஷில் கேட்டார். உச்சரிப்பு எங்கள் பக்கத்தது இல்லை, ஆனால் தடங்கல் இல்லாத ஸ்பானிஷ். வெர்னெட்டா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கத்தியைத் துடைப்பது போல் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்தப் பாலம் எங்களுக்குத் தூளி. ஊர்க்காரர்கள் அதை அப்படித்தான் சொல்வார்கள், தூளிப் பாலம் என்று. கோக்கோ மூட்டை சுமந்து வருவதற்காக அந்தக் காலத்தில் கம்பி கட்டிப் போட்டது. இப்போது அதன் வாசலில் ஒரு கம்பிக் கதவு, ஒரு பலகைக் கடை. கப்பல் பஸ்கள் அங்கே போவதில்லை. பாதை குறுகல்.

தேவாலயத்துச் சுவரருகே காரிடம் போனார்கள். வெர்னெட்டா கை காட்டுவதற்குள் அவரே முன் கதவைத் திறந்து, தடியை முட்டிகளுக்கிடையில் வைத்து, பெல்ட்டைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு அப்பவே சந்தேகம் வந்துடுச்சுடீ," என்று பிறகு சொன்னாள். "கப்பல்லேருந்து வந்தவன் எவனாவது தானா முன்னாடி உக்காந்திருக்கானா? நம்ம ஆளுதான் உக்காருவான். இல்லேன்னா நம்மளைப் பிடிக்க வந்தவன் உக்காருவான்."

உட்கார்வதற்கு முன் அவர் இன்னொன்றும் செய்திருந்தார். காரின் முன்னால் நின்று, சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, நம்பர் பிளேட்டைப் பார்த்து எழுதிக்கொண்டார்.

வெர்னெட்டா பாடத்தைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? போலீஸ்காரனிடம் போய், போலீஸ் கேட்டால் இப்படிப் பொய் சொல்லு என்று சொல்ல முடியுமா? வாயை மூடிக்கொண்டு ஓட்டினாள். அந்த மனிதர் வாயை மூடவில்லை.

"எத்தனை வருஷமா ஓட்டுறீங்க?"

"எதை?"

"காரைத்தான்."

"காரா, எப்பவாவது ஓட்டுவேன்."

"ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவாங்க இந்தப் பாலத்துக்கு?"

"எனக்கு என்ன தெரியும்? நான் என்ன பாலமா?"

"கார் உங்களோடதா? உங்களை மாதிரி வேற பெண்களும் ஓட்டுறாங்களா?"

"மிஸ்டர், அங்க பாருங்க, தூக்கணாங்குருவிக் கூடு," என்றாள் வெர்னெட்டா. அவர் பார்த்தார். நோட்டை எடுத்து அதையும் எழுதினார். இவ்வளவு பெரிய போலீஸ்காரன் குருவிக் கூட்டை எதற்கு எழுதுகிறான் என்று அவள் ஒரு நிமிடமாவது யோசித்திருக்கலாம். யோசித்தாள். நம்மை ஏமாற்றத்தான் எழுதுகிறான் என்று முடிவு கட்டினாள்.

பத்து மணிக்கு மேலே போய்ச் சேர்ந்தார்கள். கார் நிற்கும் மண்மேட்டிலிருந்து பாலத்துக்கு இருநூறு அடி நடக்கவேண்டும். கீழே ஆறு எங்கோ ஆழத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"எப்போ புறப்படலாம்?" என்று அவர் கேட்டார்.

"ஒரு மணிக்கு. நான் இங்கேயே இருப்பேன்."

"அப்போ காசை லிமோன்ல போய்த் தர்றேன், சரியா?"

அந்தக் கேள்விதான் அவளைக் கவிழ்த்தது. காசு கைமாறினால்தான் வழக்கு. அதை லிமோனில், ஆள் நடமாட்டத்தில், கூட்டாளிகள் காத்திருக்கும் இடத்தில் கொடுக்கிறேன் என்கிறான். அவர் தடியை ஊன்றிப் பாலத்தை நோக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பச்சைத் தொப்பி மரங்களுக்குள் மறைந்ததும் காரைத் திருப்பிக் கீழே விட்டாள். ஒரு காசுகூட வாங்கவில்லை. வாங்காதவளை எந்தச் சட்டம் பிடிக்கும்?

அந்த மலையிலிருந்து கீழே வரப் பஸ் காலை ஐந்துக்கு ஒன்று, மாலை நான்கரைக்கு ஒன்று. கப்பல் நான்கு மணிக்குக் கயிற்றை அவிழ்க்கும். தனியாகச் சுற்றப் போனவர்களுக்காகக் கப்பல் ஒருபோதும் காத்திருக்காது. இதெல்லாம் தெரிந்துதான் விட்டுவிட்டு வந்தாள். இதை நான் மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. போலீஸ்காரனாக இருந்தால் கூட்டாளி வந்து கூட்டிப்போவான், இல்லாவிட்டால் அவன் தலையெழுத்து என்றுதான் மலை இறங்கினாள்.

ஆனால் முக்கால் மணி நேரம் இறங்கி, நெடுஞ்சாலைச் சந்திப்பு வந்ததும், அவளால் மேற்கொண்டு ஓட்ட முடியவில்லை. வாழைப்பழ லாரிகள் நிற்கும் இடத்தில் ஓரம் கட்டி, ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு எனக்குப் போன் போட்டாள்.

"ஹைசிந்த், அந்த ஆளு கப்பல்லேருந்து இறங்கினதை நீ பாத்தியா? உன் கண்ணால பாத்தியா?"

"வாசல்ல வந்தப்பதான் பாத்தேன். ஏன், என்னாச்சு?"

"போய்க் கேளு. செக்யூரிட்டிகிட்ட கேளு. பச்சைத் தொப்பின்னு சொல்லு. ஓடு."

நான் கடையைப் போட்டது போட்டபடி ஓடினேன். கேட்டில் நின்ற பையன் ஓர்லின் சொன்னான்: "பச்சைத் தொப்பித் தாத்தாவா? கப்பல் நர்ஸ் சக்கர நாற்காலியில வச்சு இங்க வரைக்கும் தள்ளிக்கிட்டு வந்தாங்க. இங்க வந்ததும் எழுந்து, 'இனிமே நானே போறேன்'னு தடியை எடுத்துக்கிட்டாரு. அந்த நர்ஸ் ரெண்டு தடவை வந்து கேட்டுட்டாங்க, திரும்பி வந்துட்டாரான்னு."

ஓர்லினுக்குப் பின்னால் கறுப்புக் கண்ணாடி போட்ட இருவரும் நின்றார்கள். காலடியில் கருவிப்பெட்டி. பழுதான பளுதூக்கியைச் சரிசெய்ய வந்த மெக்கானிக்குகள். ஒருவன் ஸ்பேனரால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தான்.

வெர்னெட்டாவிடம் தாத்தா கப்பலில் வந்தவர்தான் என்று சொன்னேன். மெக்கானிக்குகளைப் பற்றிச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அவ்வளவு நல்லவள் நான்.

 போனில் லாரி ஹாரன் சத்தம் கேட்டது.

"முட்டி சரியில்லாத மனுஷனைக் காட்டுல விட்டுட்டு வந்துட்டேன்டீ," என்றாள்.

"சரி போ, திரும்பிப் போ. நேரம் இருக்கு."

"இங்க சந்திப்புல வண்டியை மறிச்சுப் பாக்க ரோட்டுல சிவப்புக் கூம்பு வச்சுக்கிட்டு இருக்கானுங்க. டிராஃபிக் போலீஸ். அவரைக் கூட்டிட்டு வரும்போது அது வழியாத்தான் வரணும்."

"அப்போ போகாத!" என்று கத்தினேன். கத்தினேன்தான். அவளுடைய காரும் எனக்கு முக்கியம். அந்தக் கிழவரை எனக்கு யாரென்றே தெரியாது. ஆனால் போன் கட்டாகிவிட்டது.

அவள் மேலே போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. மண்மேட்டில், வெட்டிப் போட்ட மரத்துண்டின்மேல் அவர் உட்கார்ந்திருந்தார். பலகைக் கடைக்காரி கொடுத்த பொரித்த வாழைக்காயை இலையில் வைத்துத் தின்றுகொண்டிருந்தார். காரைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்துட்டீங்களே," என்றார். அதே மாதிரி முன் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

இறங்கும் வழியெல்லாம் அவர் பாலத்தைப் பற்றியே பேசினார். நடுவில் நின்றால் பலகை கால்களோடு பேசுகிறது என்றார், குரங்குகள் திட்டின என்றார். வெர்னெட்டாவின் வாய்க்குள் பாடம் சுழன்றுகொண்டிருந்தது. போலீஸ் நிறுத்தினால் நீங்கள் என் மகளுக்கு ஞானத்தகப்பன். இருபது வார்த்தைகூட இல்லை. நானூறு பேரிடம் கூசாமல் சொன்ன வார்த்தைகள்.

"சொல்ல வேண்டியதுதானேடீ! என்ன கேடு உனக்கு?" என்று அன்று சாயங்காலம் நான் அவளை உலுக்கினேன்.

"எப்படிச் சொல்ல? மூணு மணி நேரம் முன்னாடி அந்த மனுஷனைத் தூக்கிப் போட்டுட்டு ஓடியிருக்கேன். இப்ப என் குடும்பத்து ஆளா இருன்னு கேக்கணும். ரெண்டு தடவை வாயைத் திறந்தேன். ரெண்டு தடவையும் தண்ணி வேணுமான்னுதான் கேட்டேன்."

சந்திப்பில் கூம்பு வைத்திருந்தார்கள். கை காட்டி நிறுத்தியவன் சால்மெரோன், போனமுறை அவளைப் பிடித்த அதே ஆபீசர். கெட்டவன் இல்லை. குனிந்து உள்ளே பார்த்தான்.

"வெர்னெட்டாம்மா, மறுபடியுமா?" என்றான். பிறகு கிழவரிடம், "சார், இந்த அம்மா உங்களுக்கு யாரு?"

அவர் முகம் மலர்ந்தது.

"டாக்ஸி! ரொம்ப நல்ல டாக்ஸி. பாலத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க, சொன்ன நேரத்துக்குச் சரியா வந்தாங்க. நீங்க இவங்களுக்கு ஏதாவது பரிசு கொடுக்கணும்."

சால்மெரோன் கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தான். அவனுக்கும் மனசு இருந்திருக்கவேண்டும். குரலைத் தாழ்த்தி, "இவருக்கு ஸ்பானிஷ் சரியா வராது போல. நீங்க சொல்லுங்க. தெரிஞ்சவரா, சவாரியா? நீங்க சொல்றதைத்தான் நான் எழுதுவேன்," என்றான்.

தப்பிக்க வழி திறந்தே கிடந்தது. ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பொய்யன் என்றோ, பாஷை தெரியாதவன் என்றோ ஆக்கவேண்டும். வெர்னெட்டா சாவியைத் திருகி எடுத்தாள்.

"அவரு சொன்னது சரிதான். சவாரிதான்," என்றாள்.

எனக்கு இதைக் கேட்டபோது வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வாழ்நாள் முழுவதும் பாஸ்டரையே நம்பாதவள், ஒரு நாள் பழக்கத்தில் ஒரு கிழவருக்காகக் காரைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். "நீ முட்டாள்டீ" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவள் தலையை ஆட்டி ஒத்துக்கொண்டாள், அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவர்கள் பிளேட்டைக் கழற்றும்போது கிழவர் பதறினாராம். வெர்னெட்டா அவர் கையைப் பிடித்துச் சாலையின் எதிர்ப்பக்கம் கூட்டிப்போனாள். "ஒண்ணுமில்ல மிஸ்டர், பேப்பர் பாக்குறாங்க. சாயங்காலம் கொடுத்துடுவாங்க. நாம பஸ்ல போவோம், உங்க கப்பலுக்கு நேரமாச்சு." சால்மெரோனே லிமோன் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏற்றிவிட்டான்.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் அவள் கேட்டாள்.

"மிஸ்டர், காலையில நீங்க ஏன் தானா முன் சீட்டுல உக்காந்தீங்க?"

"எங்க ஊரு நியூஸிலாந்து. அங்க ஓட்டுறவங்க தனியா இருக்கும்போது பின்னாடி போய் உக்காந்தா, பெரிய துரைன்னு சிரிப்பாங்க. ஏன், இங்க தப்பா?"

"தப்பில்ல." கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டாள். "ஸ்பானிஷ் எங்க கத்துக்கிட்டீங்க?"

"சின்ன வயசுல மூணு வருஷம் சிலேயில செம்மறியாட்டுக்கு முடி கத்தரிச்சேன்."

அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. "மிஸ்டர், நான் உங்களை அங்க விட்டுட்டு ஓடிட்டேன். காத்திருக்கேன்னு சொல்லிட்டு ஓடிட்டேன்."

"தெரியும்," என்றார் அவர். "பாலத்து நடுவுல நின்னா அந்த மலைப்பாதை வளைவு தெரியுது. உங்க கார் கீழ போறதைப் பாத்தேன்."

"பாத்தீங்களா? அப்புறம் எப்படி உக்காந்திருந்தீங்க?"

"நடந்து போகலாம்னுதான் நினைச்சேன். முட்டி வலி. அதனால நீங்க வருவீங்கன்னு நினைச்சுக்கிட்டு உக்காந்துட்டேன்."

வெர்னெட்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாளாம். அவர் எதற்கென்று கேட்கவில்லை. பிளாஸ்டிக் பையிலிருந்து மிச்சமிருந்த வாழைக்காயை எடுத்து அவளிடம் நீட்டினார்.

மூன்றரை மணிக்கு அவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி வருவதை நான் பார்த்தேன். வெர்னெட்டா நடந்து வருவதைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கேட்டின் அந்தப் பக்கம் நர்ஸ் சக்கர நாற்காலியோடு கையசைத்தாள். கிழவர் பையிலிருந்து பணத்தை எடுத்து வெர்னெட்டாவின் கையில் வைத்து, அவள் விரல்களை மூடினார். அப்போது அவர் கேட்டது என் கடை வரைக்கும் கேட்டது.

"அடுத்த மாசம் என் தங்கச்சி இதே கப்பல்ல வர்றா. அவளையும் பாலத்துக்குக் கூட்டிட்டுப் போகணும். நம்பகமான ஆளு வேணும். உங்க காரை அவ எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது?"

வெர்னெட்டா பணத்தைக் கைப்பைக்குள் வைத்தாள்.

"சாம்பல் கலரு, மிஸ்டர்," என்றாள். "தேவாலயத்துப் பின்சுவர்கிட்ட நிக்கும். முன்னாடி கண்ணாடியில சின்னதா ஒரு விரிசல் இருக்கும். முன் சீட்டுலயே உக்காரச் சொல்லுங்க."